சைஸ்மிக் யுனிக்ஸில் வேக மாதிரி கட்டுவது: யூனிஃப்2 முதல் ஸ்மூத்2 வரை ஒரு மதிப்பீடு

நிலத்தடியில் அதிர்வலை எங்கே எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்லும் இருபரிமாண வேக மாதிரியைக் கட்டத்தில் ஏற்றி மைக்ரேஷனுக்கோ (எதிரொலித்த அலைகளை அவை கிளம்பிய இடத்தில் வைத்துப் படமாக்குவது) மாடலிங்குக்கோ (அலை பரவுவதைக் கணினியில் போட்டுப் பார்ப்பது) கொடுக்க வேண்டும், கையில் லட்சக்கணக்கில் உரிமக் காசு இல்லை என்றால், நில அதிர்வுத் தரவைக் கையாளும் நிரல் தொகுப்பான சைஸ்மிக் யுனிக்ஸ் இன்றும் நல்ல தேர்வு. வேலை சீக்கிரம் முடியும், கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் இது எழுதித் தரும் கோப்பில் தலைப்பு கிடையாது. எத்தனை வரிசை, எந்த இடைவெளி, மீட்டரா கிலோமீட்டரா, ஆழம் முதலா தூரம் முதலா என்று அந்தக் கோப்பு எதையும் சொல்லாது. இந்தத் தொகுப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து வருபவைதான்.

ஸ்டான்ஃபோர்டில் ஐனார் கியார்டன்சன் எழுதிய நிரல்களை வேராகக் கொண்டு, கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் ஜாக் கோஹனும் ஷுகி ரோனெனும் வளர்த்த தொகுப்பு இது. 1992-ல் பொதுவெளிக்கு வந்தது. பிறகு நெடுங்காலம் அதைப் பராமரித்தவர் ஜான் ஸ்டாக்வெல். மூல நிரல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே மொத்தத் தொகுப்பையும் எடைபோடவில்லை. வேக மாதிரி கட்டும் கருவிகள் மட்டும்தான்.

முதலில் யூனிஃப்2. அடுக்கு அடுக்கான மாதிரியைச் சீரான கட்டமாக மாற்றுவது இதன் வேலை. உள்ளீடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் தூரம், ஆழம் என்று இரண்டு நெடுவரிசை. முதலில் மேற்பரப்பு, பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வோர் எல்லையும். ஒரு கோடு முடிந்ததற்கு அடையாளமாக 1 −99999 என்று ஒரு வரி. நாலு கிலோமீட்டர் அகலத்தில், கடலடித் தரையும் அதன்கீழ் ஒரு படிவ எல்லையும் கொண்ட மாதிரி இப்படி இருக்கும்:

0 0
4000 0
1 −99999
0 300
2000 380
4000 500
1 −99999
0 1000
1500 900
4000 1200
1 −99999

இதற்கு எல்லைகளின் எண்ணிக்கையான நின்ஃப் என்ற அளவுரு 2. மேற்பரப்பை அது எண்ணாது. எல்லை இரண்டு என்றால் அடுக்கு மூன்று, ஆகவே அடுக்குகளின் வேகத்தைச் சொல்லும் வி00-க்கு மூன்று எண்கள் வேண்டும். சொல்லாமல் விட்டால் நின்ஃப் 5 என்றும், வேகம் 1500, 2000, 2500 என்று ஏறுவதாகவும் நிரல் தானே எடுத்துக்கொள்ளும். எத்தனை எல்லை, எத்தனை வேகம் என்பதை ஓட்டுவதற்கு முன் நீங்களே எண்ணிவிடுங்கள். படம் அழகாக வந்துவிடும் என்பதால் பிறகு சந்தேகமே வராது.

கட்டத்துக்கு என்எக்ஸ் (தூரத் திசையில் புள்ளிகள்) 401, என்இசட் (ஆழத் திசையில் புள்ளிகள்) 201, இடைவெளி இரண்டுக்கும் 10 மீட்டர் என்று கொடுத்தால் 4000 × 2000 மீட்டர் பரப்பு சரியாக அடங்கும். 400, 200 என்று கொடுத்தால் கடைசி 10 மீட்டர் விடுபடும். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் கோப்பின் அளவு 401 × 201 × 4 = 322404 பைட் இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டிய முதல் சோதனை இந்தப் பெருக்கல்தான்.

ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் வேகம் நேர்கோட்டில் மாறும்: வேகம் = வி00 + டிவிடிஎக்ஸ் × (எக்ஸ் − எக்ஸ்0) + டிவிடிஇசட் × (இசட் − இசட்0). எக்ஸ் தூரம், இசட் ஆழம். டிவிடிஎக்ஸ், டிவிடிஇசட் இரண்டும் அந்தந்தத் திசையில் வேகம் மீட்டருக்கு எவ்வளவு ஏறும் என்பவை. எக்ஸ்0, இசட்0 இரண்டும் வி00 பொருந்தும் இடம். புதியவர்கள் தடுக்கி விழுவது இசட்0-வில். சொல்லாவிட்டால் அது பூஜ்யம். அப்படியானால் வி00 என்பது அடுக்கின் தலையில் உள்ள வேகம் அல்ல, மேற்பரப்புவரை நீட்டிப் பார்த்தால் வரும் வேகம். 1000 மீட்டரில் தொடங்கும் அடுக்கின் தலையில் 2000 மீ/வி இருக்க வேண்டும், ஏற்றம் மீட்டருக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். இசட்0-வைத் தொடாமல் வி00 = 2000 என்று எழுதினால் அடுக்கின் தலையிலேயே 2600 வந்து நிற்கும். இசட்0-வை 1000 ஆக்குங்கள், அல்லது வி00-வை 1400 ஆக்குங்கள்.

இந்தச் சூத்திரத்தின் இன்னொரு குறை, கடல் தரவோடு வேலை செய்பவர்களுக்கு முக்கியம். வண்டல் இறுகுவது கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்ததல்ல, கடலடித் தரையிலிருந்து எவ்வளவு கீழே என்பதைப் பொறுத்தது. யூனிஃப்2 ஆழத்தை மேலிருந்துதான் அளக்கும். மேலே உள்ள மாதிரியில் வண்டலுக்கு இசட்0 = 300, வி00 = 1600, ஏற்றம் 0.6 என்று கொடுத்தால், இடது ஓரத்தில் தரையை ஒட்டி 1600 சரியாக வரும். வலது ஓரத்தில் தரை 500 மீட்டரில் இருப்பதால் அங்கே 1720 வரும். அதே சேறு, 120 மீ/வி அதிகம். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தரையின் சரிவு 4000-க்கு 200, அதாவது 0.05. அதை 0.6-ஆல் பெருக்கி எதிர்க்குறியோடு டிவிடிஎக்ஸ் = −0.03 என்று கொடுத்தால் இரண்டு ஓரமும் 1600-க்கு வந்துவிடும். நடுவில் தரை நேர்கோட்டைவிட 20 மீட்டர் மேலே இருப்பதால் 1588 கிடைக்கும், 12 மீ/வி குறைவு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தரையில் பள்ளத்தாக்கு இருந்தால் இந்த வழி உதவாது. பைத்தானில் பத்து வரி எழுதிக்கொள்வதுதான் மேல்.

எல்லைக்கோட்டின் புள்ளிகளுக்கு இடையே இடைக்கணிப்புக்கு நான்கு முறைகள்: லீனியர், மோனோ, அகிமா, ஸ்ப்ளைன். ஸ்ப்ளைன் பார்க்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் புள்ளிகள் நெருங்கித் திடீரென்று திரும்பும் இடங்களில் துள்ளும். மெலிந்துபோகும் அடுக்கில் மேல்கோடு கீழ்க்கோட்டை வெட்டிவிடும், உங்கள் புள்ளிகளில் வெட்டு இல்லாவிட்டாலும். எல்லைகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்பது இந்த நிரலின் அடிப்படை விதி. மோனோவில் இந்தத் துள்ளல் இல்லை. அடுக்கு முடிந்துபோகும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுத் தொடருங்கள். 10 மீட்டர் கட்டத்தில் அது பெரும்பாலும் கண்ணிலேயே படாது. எல்லாக் கோடுகளும் ஒரே எக்ஸில் தொடங்கி ஒரே எக்ஸில் முடிய வேண்டும் என்பதும் விதி. அந்த ஓரங்களைக் கட்டத்தின் ஓரங்களைவிடச் சற்று வெளியே தள்ளி வைப்பது நல்லது.

ஒரு எக்ஸுக்கு ஓர் ஆழம்தான் என்பதால், குடைபோல் பக்கவாட்டில் துருத்தும் உப்புக் குவிமாடத்தை யூனிஃப்2-ஆல் வரைய முடியாது. அதற்கு ட்ரைமாடல் என்ற நிரல் உண்டு. முக்கோணங்களாகப் பிரித்துக் கட்டும். பிறகு ட்ரை2யூனி அதைச் சீரான கட்டமாக மாற்றும். இங்கே சேமிக்கப்படுவது வேகம் அல்ல, ஸ்லோத் எனப்படும் ஒன்று: வேகத்தின் வர்க்கத்தின் தலைகீழி. நொடிக்கு 2 கிலோமீட்டர் என்றால் 0.25, 4 என்றால் 0.0625. முக்கோணத்துக்குள் நேர்கோட்டில் மாறுவதும் ஸ்லோத்தான். கதிர்ப்பாதைக் கணக்கு இதனால் எளிதாகிறது, சரி. ஆனால் கட்டத்தைப் பெற்றதும் அதை வேகமாக மாற்ற மறந்தால், உப்பு இருக்கும் இடம் வேகம் குறைந்த பகுதியாகக் காட்சியளிக்கும்.

மேக்வெல் சோதனை மாதிரிகளுக்கானது. மாறாத வேகம், நேர் ஏற்றம், நடுவில் வில்லை வடிவத்தில் ஒரு வேக மாறுதல், வேண்டுமானால் சமவாய்ப்பு இரைச்சல். முப்பரிமாணமும் செய்யும். வில்லையின் ஆழம், விட்டம், தடிமன் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம், மைக்ரேஷன் நிரல் ஒன்றைச் சோதிக்க இது போதும். எரிச்சல் ஒன்றுதான்: சொல்லாவிட்டால் இதன் வேகம் 2.0, அதாவது கிலோமீட்டர் கணக்கு. யூனிஃப்2-இன் இயல்பு வேகமோ 1500. ஒரே தொகுப்பில் பக்கத்துப் பக்கத்து நிரல்களுக்கு இரண்டு அலகு. கலந்தால் எந்த எச்சரிக்கையும் வராது.

உண்மைத் தரவில் மாதிரி பிறப்பது வேகப் பகுப்பாய்வில் எடுத்த புள்ளிகளிலிருந்து. இங்கே யூனிசாம், யூனிசாம்2, வெல்கான்வ் மூன்றும் சேர்ந்து உழைக்க வேண்டும். யூனிசாம்2 எதிர்பார்ப்பது செவ்வக அமைப்பு: எல்லா சிடிபியிலும் (நிலத்தடியின் ஒரே புள்ளியிலிருந்து திரும்பிய பதிவுகளின் தொகுதி) அதே நேரங்களில் மதிப்பு இருக்க வேண்டும். கையால் எடுத்த புள்ளிகள் ஒருநாளும் அப்படி இருக்காது. ஆகவே முதலில் ஒவ்வொரு சிடிபியையும் யூனிசாமால் சீரான நேர இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, யூனிசாம்2-க்கு சிடிபி இருப்பிடங்களைச் சொல்லிப் பக்கவாட்டில் நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும். அது ஏன் தொகுப்பிலேயே ஒரே நிரலாக இல்லை என்பது வேறு கேள்வி.

வெல்கான்வ் ஆர்எம்எஸ் வேகத்தை (மேற்பரப்பிலிருந்து அதுவரையிலான வர்க்கச் சராசரி) இடைவேகமாக (இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்ட படிவத்தின் வேகம்), நேரத்தை ஆழமாக மாற்றும். டிக்ஸ் சூத்திரம்தான். சூத்திரத்தில் தவறில்லை, அது பிழையைப் பெருக்கும் விதம்தான் ஆபத்து. 1.0 நொடியில் 2000, 1.2 நொடியில் 2150 என்று எடுத்திருந்தால் இடைவேகம் 2781 மீ/வி. இரண்டாவது புள்ளியை 2200 என்று எடுத்திருந்தால் 3007. ஐம்பது மீ/வி தடுமாற்றம் 226 ஆகிவிட்டது. அதே இரண்டு மதிப்புகள் 1.1 நொடியில் என்றால் 3294, 3639 என்று வரும், வித்தியாசம் 345. புள்ளிகளை நெருக்கமாக எடுத்தால் துல்லியம் கூடும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. ஆர்எம்எஸ் வேகம் சட்டென்று இறங்கினால், உதாரணமாக 1.0 நொடியில் 2000, 1.1-ல் 1800, வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்துவிடும். அப்படிப்பட்ட ஜோடிகளை ஆக் நிரலால் முன்கூட்டியே வடிகட்டுங்கள்.

இன்னொன்று. ஆர்எம்எஸ் புள்ளிகளை லீனியர் முறையில் நிரப்பி டிக்ஸ் போட்டால், இடைவேகம் ரம்பப் பல்லாக வரும்: ஒவ்வொரு துண்டிலும் ஏறி, புள்ளி வரும் இடத்தில் சட்டென்று மாறும். நிலத்தில் அப்படி ஒரு எல்லை இருக்காது, சாய்வு மாறும் இடம் மட்டும்தான் அது. அகிமா முறையில் நிரப்பி, ஆர்எம்எஸ் நிலையிலேயே பக்கவாட்டில் ஒருமுறை மென்மையாக்கி, அதன்பிறகு வெல்கான்வுக்குக் கொடுப்பதே சரியான வரிசை. இதில் நேர இடைவெளி டிடி சொல்லாவிட்டால் 1.0 என்பதையும் மறக்கக் கூடாது. முழுத் தரவையும் விடுவதற்கு முன் எங்கும் 2000 மீ/வி உள்ள ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். இருவழி நேரம் 1 நொடிக்கு ஆழம் 1000 மீட்டர் வந்தால் அளவுருக்கள் சரி.

மாதிரியை மென்மையாக்கும் ஸ்மூத்2 இந்தத் தொகுப்பின் நல்ல முத்து. மென்மையின் அளவைச் சொல்பவை இரண்டு: ஆர்1 ஆழத் திசை, ஆர்2 தூரத் திசை, பரிந்துரை 1 முதல் 20 வரை. கிர்காஃப் மைக்ரேஷனுக்குப் பயண நேர அட்டவணை போடும் ரேட்2டி கதிர்களைத் தொடர்ந்து செல்வது. கூர்மையான எல்லை இருந்தால் கதிர்கள் சிதறி அட்டவணையில் ஓட்டை விழும். அந்த நிழல் பகுதிகளை, பயண நேரத்தைக் கட்டத்தில் நேராகக் கணிக்கும் ஐகோனல் சமன்பாட்டால் நிரப்பிக்கொள்ளும் என்றாலும், அதை நம்பிக் கூர்மையான மாதிரியைக் கொடுப்பது முறையல்ல. எல்லை அலைநீள அளவுக்குக் கலங்கும்வரை ஸ்மூத்2 ஓட்ட வேண்டும். ஆனால் கலக்க வேண்டியது வேகத்தை அல்ல, அதன் தலைகீழியான மெதுமையை. பயண நேரம் கூடுவது வேகத்தில் அல்ல, மெதுமையில். வேகத்தைச் சராசரி எடுத்தால் மொத்தப் பயண நேரம் குறைந்து, கீழ்ப் படிவங்கள் இடம் மாறும். 1500, 4500 இரண்டும் சம தடிமனில் இருந்தால் வேகச் சராசரி 3000, மெதுமைச் சராசரியிலிருந்து வரும் வேகம் 2250. எவ்வளவு இடைவெளி பாருங்கள். கோப்பின் எண்களில் கணக்குப் போடும் ஃபாரித் நிரலின் தலைகீழிச் செயலை முன்னும் பின்னும் ஒருமுறை போட்டால் போதும். முப்பரிமாண நிரலான ஸ்மூத்3டி-யில் மெதுமையில் மென்மையாக்க ஓர் அளவுருவே உண்டு, ஸ்மூத்2-விலும் அது இருந்திருக்கலாம்.

கடலடித் தரை இருக்கும் மாதிரியை அப்படியே மென்மையாக்கினால் நீருக்குள் வண்டலின் வேகம் கசியும். ஸ்மூத்2-வில் சாளரம் வைக்கலாம், ஆனால் அது செவ்வகம். சரிந்த தரைக்குப் பொருந்தாது. தண்ணீரை நீக்கி, வண்டல் வேகத்தை மேற்பரப்புவரை நீட்டிய ஒரு மாதிரியைக் கட்டி, அதை மென்மையாக்கி, பிறகு தரைக்கு மேல் உள்ள புள்ளிகளில் 1500-ஐத் திரும்ப எழுதுவதுதான் சுத்தமான வழி.

அதிகம் பேரைக் காவு வாங்கும் பொறி, கோப்பின் இரண்டு திசைகளையும் இடம் மாற்றும் டிரான்ஸ்ப். யூனிஃப்2, யூனிசாம்2, மேக்வெல் மூன்றும் ஆழத்தை வேகமான திசையாக எழுதும்: முதல் இடத்தின் ஆழ மதிப்புகள் அனைத்தும், பிறகு இரண்டாவது இடம். அலை மாடலிங் செய்யும் எஸ்யூஎஃப்டிமாட்2, ரேட்2டி போன்றவை இதையே கேட்கும். எஸ்யூமிக்பிஎஸ்பிஐ, எஸ்யூமிக்எஃப்எஃப்டி, எஸ்யூமிக்ஸ்ப்ளிட் முதலிய கீழ்நோக்கித் தொடரும் மைக்ரேஷன்கள் நேர் எதிர்: தூரம் வேகமான திசையாக வேண்டும். அவற்றின் உதவிக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள். மாற்றாமல் கொடுத்தாலும் பைட் எண்ணிக்கை ஒன்றுதான், நிரல் முணுமுணுக்காமல் ஓடி முடியும். முன்சொன்ன பைட் சோதனை இதைப் பிடிக்காது. கட்டத்தைப் படமாகக் காட்டும் எக்ஸ்இமேஜில், வேகமான திசையின் நீளமான என்1-ஐ என்இசட் அளவுக்கு வைத்துப் பாருங்கள். அடுக்குகள் படுத்தபடி தெரிந்தால் ஆழம்தான் வேகமான திசை. சாய்ந்த கோடுகளாகச் சிதறினால் அளவோ திசையோ தவறு. டிரான்ஸ்புக்கு நீங்கள் சொல்ல வேண்டியது பழைய கோப்பின் வேகமான திசையின் நீளம், புதியதன் நீளம் அல்ல. பைத்தானின் எண் நூலகமான நம்பையில் யூனிஃப்2 கோப்பைத் திறப்பவர்கள் வடிவத்தை முதலில் என்எக்ஸ், பிறகு என்இசட் என்று கொடுக்க வேண்டும்.

கட்டத்தின் இடைவெளியை மாதிரி கட்டுபவர் தீர்மானிப்பதாகத் தோன்றும், உண்மையில் அதைத் தீர்மானிப்பது அடுத்து வரும் நிரல். எஸ்யூஎஃப்டிமாட்2 இரண்டாம் வரிசை வித்தியாச முறை. சொல்லாவிட்டால் அதிகபட்ச அதிர்வெண்ணைக் குறைந்த வேகம் ÷ (10 × இடைவெளி) என்று வைத்துக்கொள்ளும், உச்ச அதிர்வெண் அதில் பாதி. 1500 மீ/வி நீரில் 10 மீட்டர் கட்டத்துக்கு அதிகபட்சம் 15 ஹெர்ட்ஸ், உச்சம் 7.5. 25 ஹெர்ட்ஸ் உச்சம் வேண்டுமென்றால் இடைவெளி 3 மீட்டர். நாலு கிலோமீட்டர் மாதிரி 1334 × 667 புள்ளியாகிவிடும், நேரப் படியும் அதே விகிதத்தில் சுருங்கும். 10 மீட்டரிலேயே அதிர்வெண்ணை மட்டும் வலிந்து ஏற்றினால் அலைக்குப் பின்னால் வால் நீளும். அது கட்டத்தால் வரும் சிதறல், நிலத்தின் அமைப்பல்ல.

சரிந்த எல்லைகளில் படிக்கட்டுப் பிரச்சினையும் உண்டு. யூனிஃப்2 ஒரு புள்ளி கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கும், பாதிப் புள்ளிக்குப் பாதி மதிப்பு என்ற கணக்கு அதனிடம் இல்லை. 5 பாகை சரிவில் 10 மீட்டர் கட்டத்தில் ஏறக்குறைய 114 மீட்டருக்கு ஒரு படி விழும், ஒவ்வொரு படியும் ஒரு சின்னச் சிதறல் வளைவைக் கிளப்பும். நான்கு மடங்கு நுணுக்கமாக 2.5 மீட்டரில் கட்டி, மெதுமையில் லேசாக மென்மையாக்கி, சப்செட் நிரலால் நான்கில் ஒன்றை மட்டும் எடுத்தால் படிகள் பெருமளவு மறையும்.

வெளியிலிருந்து மாதிரி கொண்டுவருபவர்களுக்கு மார்மூசி என்ற சோதனை மாதிரி நல்ல ஒத்திகை. பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனமான ஐஎஃப்பி அங்கோலாவின் குவான்சா படுகையை அடிப்படையாக வைத்து 1988-ல் உருவாக்கியது. 9200 × 3000 மீட்டர், 4 மீட்டர் கட்டத்தில் 2301 × 751 புள்ளி, ஆகவே 6912204 பைட். வேகம் 1500-லிருந்து 5500 மீ/வி. திறந்ததும் எண்கள் பூஜ்யத்துக்கு அருகிலோ விண்ணை முட்டியோ இருந்தால் பைட் வரிசை தலைகீழ், ஸ்வாப்பைட்ஸ் ஓட்டுங்கள்.

இதே வேலைக்கான இன்னொரு இலவசத் தொகுப்பான மேடகாஸ்கரோடு ஒப்பிட்டால்? யூனிஃப்2-வும் மேக்வெல்லும் அங்கேயும் உண்டு. இதிலிருந்து போனவைதான். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் அளவு, இடைவெளி, தொடக்கம் எல்லாம் எழுதிய தலைப்புக் கோப்பு கூடவே வரும், செய்த வேலைகளின் வரலாறும் அதில் சேரும். பலர் சேர்ந்து செய்யும் திட்டத்துக்கு அதுதான் ஏற்றது. கற்றுக்கொள்ள நாளாகும். சைஸ்மிக் யுனிக்ஸில் நிரலின் பெயரை மட்டும் தட்டினாலே முழு உதவிக் குறிப்பும் திரையில் வரும், அரை மணியில் முதல் மாதிரி கையில் இருக்கும். தலைப்பு இல்லாத குறையைக் கோப்புப் பெயரிலேயே ஈடுகட்டலாம்: புள்ளி எண்ணிக்கை, இடைவெளி, அலகு, வேகமான திசை நான்கையும் பெயரில் எழுதிவிடுங்கள். முப்பரிமாணத்துக்கு இந்தத் தொகுப்பை நாடாதீர்கள். மேக்வெல், ஸ்மூத்3டி தவிர்த்து மாதிரி கட்ட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

நிறுவுவதில் ஒரு முள். சிடபிள்யூபிரூட் மாறியை அமைத்து மேக் இன்ஸ்டால் ஓட்டினால் பழைய லினக்ஸில் நேராக முடிந்துவிடும். புதிய லினக்ஸில் எக்ஸ்டிஆர் (எந்தக் கணினியிலும் ஒரேபோல் படிக்க முடியும் தரவு வடிவம்) வசதிக்கான ஆர்பிசி தலைப்புக் கோப்புகள் இல்லை என்று பாதியில் நின்றுவிடலாம். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.32-லிருந்து அவை நீக்கப்பட்டுவிட்டன. லிப்டிஐஆர்பிசி நிறுவி, மேக்ஃபைல் கான்ஃபிகில் அதன் இடத்தைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்இமேஜ் வேண்டுமென்றால் எக்ஸ் நூலகங்களின் டெவலப்மென்ட் பொதிகளைப் போட்டுவிட்டு எக்ஸ்டிஇன்ஸ்டால் தனியாக ஓட்டுங்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓடும்.